கப்டனின் மகனுக்கு ஒரு நீல எஞ்சின்

1997 மார்ச் 3, திங்கள்

கடும் வெயில். காலையிலேயே ஆமியின் சுற்றிவளைப்பு. அதனால் பள்ளிக்கூடம் இல்லை, காலையில் மகள் மதுவை என் சைக்கிளில் ஏற்றிப்போகிற வேலையும் இல்லை. ஒன்பதாம் ஆண்டுக் கணக்குத் தாள் கட்டுக் கட்டாக மேசையில். இன்னும் தொடவில்லை.

என் கட்டை ரயிலின் மூன்றாவது பெட்டி வளைவில் விழுகிற காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். சில்லுத் தட்டு இரண்டும் பெட்டியின் அந்த முனையிலும் இந்த முனையிலும் இருக்கின்றன. நாலு குமிழ் உள்ளே தள்ளிப் போட வேண்டும்.

இந்தப் பிளாஸ்டிக் கட்டைகளை இவர், என் மனுசன், டோஹாவிலிருந்து மதுவுக்கென்று அனுப்பினார். எட்டு வயதுப் பிள்ளை, ஒரு நாள் விளையாடினாள், அதோடு சரி. பைத்தியம் பிடித்தது தாய்க்கு. பெட்டியில் படம் போட்டிருந்த வெளிநாட்டு ரயிலை எப்போதோ கழற்றிவிட்டேன். இப்போது ஓடுவது நம்முடைய ரயில், நான் சின்னதில் ஏறிப்போன மாதிரி. இங்கே ரயில் வந்தே வருஷக்கணக்கு. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் கட்டப் போய்விட்டன. மது கண்ட ஒரே ரயில் என் கட்டிலுக்குக் கீழே ஓடுவதுதான்.

அதைத்தான் இன்றைக்குப் பிடித்தார்கள். ஒரு ஆமிக்காரன் அரிசிப் பானைக்குள் கை விட்டான். இன்னொருவன் கட்டிலைத் தூக்கினான். கீழே வயர், பற்றரிப் பெட்டி, மோட்டர். குண்டு என்று நினைத்துப் பின்னுக்குப் பாய்ந்தான். மாமி, இவருடைய அம்மா, மதுவை இழுத்துத் தன் சீலைக்குள் மறைத்தா. அவன் போட்ட சத்தத்தில் அவர்களுடைய கப்டன் உள்ளே வந்தார். வந்து முழங்காலில் இருந்து சுவிட்சைப் போட்டார். ரயில் கட்டில் காலைச் சுற்றி ஓடி, வளைவில் வழக்கம்போல விழுந்தது. மனிதன் சிரித்துவிட்டார்.

யார் செய்தது என்று கேட்டார். ஓரளவு தமிழ் வருகிறது. நான்தான் என்றேன். தன் மகனுக்கு ஏழு வயது வரப்போகிறதாம், ரயில் என்றால் உயிராம், ஒன்று செய்து தர முடியுமா என்றார். ஓம் என்றுவிட்டேன். வேறு என்ன சொல்வதாம், துவக்கோடு நிற்கிற ஆளிடம்?

மார்ச் 6, வியாழன்

கப்டன் வந்துபோனார். ஜீப்பில். எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்கப் பார்த்தது.

மறந்துவிடுவார் என்று நினைத்தேன். கொழும்பிலிருந்து நீலக் கட்டை எடுப்பித்துக்கொண்டு வந்திருக்கிறார். மாமி பிளேன்ரீ கொடுத்தா, சீனி தனியாக.

கேட்டவை:
– நீல எஞ்சின், மூக்கு நீட்டி
– மண்ணிறப் பெட்டி இரண்டு
– முன்விளக்கு எரிய வேண்டும்

அவர் போன பிறகு மாமி, "கோச்சி செய்யப் போய் வினையை விலைக்கு வாங்கியிருக்காய் புள்ள" என்றா. ரயில் அவவுக்கு எப்போதும் கோச்சிதான்.

பக்கத்து வீட்டு ராணி ஒவ்வொரு நாளும் தேங்காய்த் திருவலை இரவல் கேட்டு வருகிறவள். இன்றைக்கு வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலை கொஞ்சம் காற்று. சதுரக் கோட்டுக் கொப்பியில் எஞ்சினை வரைந்தேன். நீலம் போதாது. வெளித்தோல் மட்டும் நீலம், உள்ளே கிடைத்த மஞ்சளும் சிவப்பும். யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

மூக்குத்தான் கஷ்டம். சரிவுக் கட்டை இரண்டுதான் இருக்கிறது. மேலே வைத்தால் வாத்து மாதிரி. இரண்டையும் தலைகீழாக்கிக் கீழே போட்டேன், முகம் வந்துவிட்டது! மதுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு, யாருக்கு?" என்றாள். பேசாமல் போய்ப் படி என்றேன்.

அந்த ஒரு மணித்தியாலம் பயமே இல்லை. பிறகு வெளியே சைக்கிள் மணி கேட்டது. கையில் இருந்த மூக்கு கழன்று நிலத்தில். மணி அடித்தது பாண்காரன்.

சந்தைக்குப் பக்கத்துக் கடைக்காரரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் என்ன செய்தார், பாவம். ஆமிக்காரர் வந்து நின்று சோடா குடிப்பார்கள், காசு கொடுப்பார்கள், போவார்கள். ஒருநாள் காலை விளக்குக் கம்பத்தடியில் சுடப்பட்டுக் கிடந்தார், கழுத்தில் இயக்கம் எழுதித் தொங்கவிட்ட மட்டை. காட்டிக்கொடுத்தவராம். சோடா விற்றவருக்கு அந்தப் பெயர் என்றால் வீட்டுக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தவளுக்கு என்ன பெயர்?

மார்ச் 11, செவ்வாய்

மறுபடியும் ஜீப். சுற்றிவளைப்போடு சேர்த்தால் மூன்றாவது தரம்.

எஞ்சினைப் பார்த்துவிட்டு நல்லது, நல்லது என்றார். பிறகு இன்னொரு திருத்தம். பெட்டிக்கு ஜன்னல் திறந்தபடி வேண்டுமாம், மகன் கையை வெளியே நீட்டிக்கொண்டு வருகிறவனாம். பின்னுக்குக் கார்ட் பெட்டியும் வேண்டுமாம். ஒவ்வொரு திருத்தமும் ஒரு ஜீப். இந்த மனிதனுக்கு அது விளங்கவில்லை. கதிரையில் சாய்ந்து மகனைப் பற்றிக் கதைக்கிறார், நான் கேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

துணிந்து சொன்னேன், நீங்கள் வர வேண்டாம், முடிந்ததும் நானே கொண்டுவந்து தருகிறேன் என்று.

"பயமா ரீச்சர்? பயப்பட வேணாம். நாங்க இருக்கம்தானே."

நீங்கள் இருப்பதுதான் பயம் என்பதை எந்தப் பாஷையில் சொல்வது!

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போவாராம். அதுதான் கடைசி என்றேன். சிரித்தார்.

மார்ச் 13, வியாழன்

காலை நல்லது. பின்னேரம் கெட்டது. ஒழுங்காக எழுத வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒருவன் சைக்கிளை என் சைக்கிளோடு சேர்த்து ஓட்டினான். என்னிடம் படித்தவன். பெயர் எழுத மாட்டேன். கேத்திர கணிதத்தில் கெட்டிக்காரன். சாதாரண தரப் பரீட்சை எழுதாமலே வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய் இயக்கத்தில் சேர்ந்தவன். நாலைந்து வருஷம் காணவில்லை. இப்போது வெள்ளைச் சேட், மீசை.

"ரீச்சர், உங்கட வீட்ட ஜீப் வந்து நிக்கிறதாம்."

கொட்டிவிட்டேன். கட்டை, ரயில், நீல எஞ்சின், மகனின் பிறந்தநாள் எல்லாம். நான் கூப்பிடவில்லை, அவராக வருகிறார், ரயிலைத் தவிர ஒரு கதையும் இல்லை, அரை மணித்தியாலம் இருப்பார், டிரைவரும் இன்னொரு ஆளும் ஜீப்பிலேயே இருப்பார்கள். ஞாயிறு நாலு மணிக்கு வந்து எடுத்தால் அதோடு சரி என்றேன். அவன் தலையாட்டிக்கொண்டே வந்தான்.

"ஞாயிறு நாலு மணி. நல்லம் ரீச்சர். நீங்க பயப்படாம இருங்க."

என் மேல் பிழை இல்லை என்று நம்பிவிட்டான்! வீடு வரைக்கும் எனக்குச் சைக்கிள் மிதித்ததே தெரியவில்லை. வந்து, உடுப்பு மாற்றி, பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் விளங்கியது. அவன் என்னை விசாரிக்க வரவில்லை. கப்டன் எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பேர் என்று அறிய வந்தவன். கேட்கவே இல்லை அவன், நானாகவே கொடுத்துவிட்டேன்.

கத்தியை வைத்துவிட்டுக் குசினித் தரையில் இருந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் பரப்பைப் பிழையாகப் போட்டேன். பிள்ளைகள் திருத்தினார்கள்.

யோசித்துப் பார்த்தது:

கப்டனிடம் சொன்னால்: அன்றைக்கே ஒழுங்கையிலுள்ள ஆம்பிளைப் பிள்ளைகள் எல்லாரையும் லொறியில் ஏற்றுவார்கள். ராணியின் மகன் உட்பட. சொன்னவள் யாரென்று அடுத்த நாளே தெரிந்துவிடும்.

சொல்லாவிட்டால்: ஒழுங்கைக்குள் குண்டு. கப்டன் சாவார். அதன் பிறகு வருகிற ஆமி எந்த வீட்டை விடும்? மது இருக்கிற வீடு.

மாமியிடம் மட்டும் சொன்னேன். என் கையைப் பிடித்து, "நீ எனக்கு ஒண்டும் சொல்லல்ல, நான் ஒண்டும் கேக்கல்ல" என்றா.

ஒரு வழிதான். நாளைக்கே நானே முகாமுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. ரயில் அவர் கைக்குப் போய்விட்டால் ஞாயிறு வர வேலை இல்லை. ஆனால் வயரும் பற்றரியும் உள்ள பையோடு முகாம் வாசல் சென்றிக்குப் போனால் பையைத் திறந்த கையோடு சுடுவான். அதனால் எஞ்சினைப் பிரித்தேன். மோட்டரை எடுத்துவிட்டு வெறும் சில்லுத் தட்டுப் போட்டேன். விளக்கு, வயர், பற்றரிப் பெட்டி எல்லாம் வெளியே. கையால் தள்ளுகிற ரயில். பாரம் குறைந்ததால் எஞ்சின் முன்னுக்குத் தூக்கிக்கொள்கிறது. உள்ளே பத்துக் கட்டை அடைத்தேன், சரியாகிவிட்டது.

மார்ச் 15, சனி

போய்வந்தேன். எல்லாம் பாழ்.

சென்றியில் வரிசை. வெயில். பையைத் திறந்து கட்டையைக் கண்டதும் ஆமிக்காரன் மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். கப்டனே வெளியே வந்தார், சந்தோஷமாக. பக்கத்தில் மொழிபெயர்க்கிற தமிழ்ப் பெடியன் ஒருவன். அவன் காது எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? நான் வாயைத் திறக்கவில்லை.

கப்டன் ரயிலை மணல் மூட்டைக்கு மேல் வைத்துத் தள்ளினார். திருப்பிப் பார்த்தார். மோட்டர் எங்கே என்றார். எரிந்துபோய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். வாவியில் விழுந்தது என்று சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று படிப்பித்த வாய், "வீட்ட இருக்கு" என்றது.

"ஆ, அப்ப பிரச்சினை இல்ல. நாளைக்கு வாறன், பூட்டித் தாங்க."

ரயிலை என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டார். தார் ரோட்டில், பட்டப்பகலில், ஆமிமுகாமிலிருந்து நீல எஞ்சினைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தேன். காணாத ஆள் இல்லை.

மடைச்சி. மடைச்சி. மடைச்சி.

மார்ச் 16, ஞாயிறு

காலை. மேகம் இல்லை. மோட்டர் பூட்டியாயிற்று, விளக்கும் எரிகிறது. வளைவில் விழவில்லை. இவ்வளவு நல்லாக ஒரு ரயில் நான் செய்ததில்லை, அதுவும் இன்றைக்கு.

ஒழுங்கை மதகடியில் இரண்டு பேர் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுகிறார்கள். எட்டு மணிக்கும் போட்டார்கள், பதினொரு மணிக்கும் போடுகிறார்கள். நான் பால்மா வாங்கப் போனபோது தலையைத் தூக்கவில்லை.

மாமியையும் மதுவையும் கோயிலுக்கு அனுப்பினேன், பூசை முடிந்தும் அங்கேயே இருக்கச் சொல்லி. மாமி போகும்போது கிறுகிக் கிறுகிப் பார்த்தா.

மூன்றரை. இவருக்கு இரண்டு வரி எழுதலாம் என்று பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. ஜீப் ஒழுங்கைக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான். சந்தியில் போய் நிற்கப் போகிறேன்.

பின்னேரம், ஆறு மணி.

ரயிலைப் பையில் போட்டுக்கொண்டு மதகைத் தாண்டித்தான் போனேன். ரியூப் ஒட்டியவர்களில் ஒருவன் எழும்பி நின்றான். நான் பார்க்கவில்லை, நடந்தேன். சந்தியில் ஜீப் தெரிந்ததும் நடு ரோட்டில் நின்று கையைக் காட்டினேன். டிரைவர் பிரேக் போட்டான். மாமிக்குச் சுகமில்லை, வீட்டில் ஆள் இல்லை, இங்கேயே எடுங்கள் என்றேன். இந்தத் தரம் பொய் நல்லாக வந்தது. கப்டன் ஜீப்பின் முன்மூடிக்கு மேல் ரயிலை வைத்துச் சுவிட்சைப் போட்டார். ஓடியது. விழ முதல் பிடித்துக்கொண்டார். நன்றி ரீச்சர் என்று கை தந்தார். சந்தி முழுக்கப் பார்க்க, கொடுத்தேன். ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வரும்போது மதகடியில் ஒருவரும் இல்லை. ஒழுங்கையில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடினார்கள். ராணியின் மகன் பந்து போட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கேற்றடியில் அவன் சைக்கிளோடு நின்றான், என் மாணவன். கோபம் ஒன்றும் இல்லை முகத்தில். சைக்கிளை விட்டு இறங்கித்தான் நின்றான், வகுப்பில் நான் வந்தால் எழும்புகிறவன் மாதிரி. நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினான். என்னைப் பார்க்காமல், ஹாண்டிலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

"ரீச்சர், நாளைக்கு மகளை உங்கட சைக்கிள்ல ஏத்தாதீங்க."

ஏறிப் போய்விட்டான்.

மாமியும் மதுவும் வந்துவிட்டார்கள். மது கையில் திருநீறு, எனக்குப் பூசிவிட்டாள். நாளைக்கு மாமியோடு நடந்து பள்ளிக்கூடம் போகும்போது போட என்று அவளுடைய வெள்ளைச் சப்பாத்தைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன்.