தலைக்கயிறு

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்திராவ் எண்ணெய்க் கிணற்றில் குளிர் குறைந்ததா? இங்கே பனி உருகி, புல் தலைகாட்டுகிறது.

சிவப்புக் காளையை விற்றுவிட்டேன். சந்தையில் விலை படுத்துக் கிடந்தது. வாங்கிய தோலெகென் அதைத் தன் மாடுகளுக்கு நடுவில் கட்டினான். நான் தலைக்கயிற்றை அவிழ்க்கப் போனதும் சிரித்தான்.

"அட, அதையும் விட்டுட்டுப் போம்மா. புதுக் கயிறு வாங்க உன் புருஷனுக்கு வக்கில்லையா?"

"கயிறும் கூடப் போனா வீட்டு அதிர்ஷ்டமும் போயிடும். அப்புறம் அவரு என்னை உள்ளயே விடமாட்டாரு" என்றேன். நீங்கள் கிளம்பும்போது விளையாட்டாகச் சொன்னதுதானே.

அவன் மாடுகளின் எச்சில் பட்டுக் கயிறு ஈரமாக இருந்தது. வழக்கம்போலத் தொழுவ வாசலில் மாட்டினேன். நம் பசுக்கள் உப்புக் கரிப்புக்காக அதை நக்கின.

மறுவாரம் சந்தையை மூடிவிட்டார்கள். தோலெகென் மாடுகளுக்குக் கோமாரியாம்.

நம் மாடுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. வெள்ளை நெற்றிப் பசு மட்டும் காலையிலிருந்து தீனி எடுக்கவில்லை. வாயில் நுரை. குளம்பை உதறிக்கொண்டே நிற்கிறது. ஈரத்தில் நின்றதால் இருக்கும். மாட்டு டாக்டரிடம் சொல்லவில்லை. வந்தால் ஒன்றைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் குழியில் தள்ளச் சொல்வார்.

நீங்கள் இப்போது வரவேண்டாம். வந்தாலும் இங்கிருந்து உங்கள் அண்ணனுடைய தொழுவத்துப் பக்கம் போகவேண்டாம்.

கயிற்றை அடுப்பில் போடத்தான் எடுத்தேன். இருக்கிற அதிர்ஷ்டமும் போய்விடுமோ என்று நிறுத்திக்கொண்டேன். திரும்ப அங்கேயே மாட்டிவிட்டேன், பசுக்களுக்கு எட்டாமல், கொஞ்சம் உயரமாக.

உங்கள் வீட்டுக்காரி