பேசாமல் இருந்தால் இல்லை

நேற்று மத்தியானம் மிசிசாகா அலுவலகத்தில் சோற்றுப் பெட்டியைத் திறந்தபோது என் கைபேசியில் உன் பெயர் வந்தது. உன்னைத் தகனம் செய்துவிட்டு வந்து நாலு வருடமாகிறது. நீ ஒரு புதிய செயலியில் எனக்காகக் காத்திருக்கிறாயாம். கீழே “உங்கட ஆக்கள் மட்டும்” என்று எழுதியிருந்தது. மூன்று நாளுக்குள் நான் பதில் சொல்லாவிட்டால் தானாகவே சேர்த்துக்கொள்வார்களாம். சம்மதிக்க “ஓம்” என்று ஒரு பொத்தான், “பிறகு” என்று இன்னொன்று. வேறு பொத்தான் இல்லை. எனக்கு அழுகை வரவில்லையடி, பற்றிக்கொண்டு வந்தது. சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

“உங்கட ஆக்கள் மட்டும்” என்ற அந்த வசனம் உன்னுடையது. யுத்தத்தின் கடைசிப் பனிக்காலத்தில், வெக்ஸ்போர்ட்டில் உன் குசினி மேசையில் இருந்து நீ சொன்னது. உன் தம்பி வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். இங்கே புலம்பெயர்ந்து வந்த எங்கள் சனம் முழுவதும், ஆரும் பார்க்கக்கூடிய ஒரு பெரிய இணையத்தளத்தில் நின்றது. தேடுகிறவர்களின் படம், பெயர், ஊர், ஆருடைய பிள்ளை என்பதெல்லாம் அதில் கொட்டிக் கிடந்தது. நீ திரையைச் சுட்டிக் கேட்டாய்: “உதைப் பாக்கிறவன் எல்லாம் எங்கட ஆளோடி?”

குடும்பம் குடும்பத்தோடு மட்டும் கதைக்க, “உங்கட ஆக்கள் மட்டும்” என்று கதவு வைத்த ஓர் இடம் வேண்டுமென்றாய். வேலை முடிந்து வந்து நானும் நீயும் அதை ஒரு செயலியாகக் கட்டினோம். சொன்ன இடமெல்லாம் சிரித்தார்கள். அப்படிப்பட்டவை ஏற்கெனவே தெருவுக்கு ஒன்றாகக் கிடக்கின்றன, உங்கட கடைக்கு ஆர் வரப்போகினம் என்று கேட்டார்கள். அஜின்கோர்ட்டில் வீடு விற்கிற ஒருவர் மட்டும் சிரிக்காமல் முதல் போட்டார். அவரை அண்ணை என்று கூப்பிட்டோம். இன்று அந்தச் சொல் வாயில் கசக்கிறது.

முதல் சோதனை உன் வீட்டு ஆட்களை வைத்துத்தான். புதிதாக வருகிற ஒருவரை உள்ளே இருக்கிற யாராவது “எங்கட ஆள்” என்று சொன்னால் கதவு திறக்கும். ஒரு கிழமைக்குள் உன் குடும்பம் கலியாண மண்டபம் மாதிரி நிரம்பிவிட்டது. உன் மாமி கோயில் வரிசையில் அறிமுகமானவளைக்கூடச் சேர்த்திருந்தாள். கேட்டதற்கு, “கேட்ட பிறகு முகத்தை முறிக்கேலுமே, பிள்ளை?” என்றாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாய்:

“எங்கட சனம் முகத்துக்கு நேர இல்லையெண்டு சொல்லாதுடி. பேசாமல் இருக்கும். அந்தப் பேசாமல் இருக்கிறதைச் செயலிக்குள்ள எழுது.”

எழுதினேன். மூன்று நாள் ஒருவரும் பதில் சொல்லாவிட்டால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆர் மறுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது, ஒருவருக்கும் முகம் முறியாது. மாமிக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஆட்களை அறிந்து செய்த கதவு அது. அதைப் போல ஒன்றை நான் பிறகு எங்கும் காணவில்லை.

பிறகு யுத்தத்தின் அந்தக் கடைசிக் கிழமைகள் வந்தன. யுத்தத்தை நிறுத்தச் சொல்லிச் சனம் நகரத்து வீதியில் பிள்ளைகளோடு போய் இருந்தது, நாங்களும் போனோம். அண்ணை அதைப் பார்த்து, இதுதான் தருணம் என்றார். எல்லாரும் எல்லாரையும் தேடுகிறார்கள், பதில் சொல்லாவிட்டால் ஓம் என்று எடுத்தால் ஒரே கிழமையில் எங்கட செயலி எல்லார் கையிலும் நிற்கும் என்று கணக்குச் சொன்னார். நீ மாட்டேன் என்று தலையை ஆட்டினாய். நானும் ஆட்டினேன். நாங்கள் பதாகையோடு வீதியில் நின்ற ஒரு பகலில், வேறு ஒருவனைப் பிடித்து அதை மாற்றுவித்துவிட்டார்.

கதவு மாறியது எங்களுக்குத் தெரியுமுன் மாமி உள்ளே எழுதிவிட்டாள்: தம்பி உயிரோடு வந்துவிட்டான், இன்ன அகதி முகாம், இன்ன பெயரில் பதிந்திருக்கிறான். குடும்பம் மட்டும் பார்க்கிறது என்று நினைத்துத்தான் எழுதினாள். அதற்குள் யாரென்றே தெரியாதவர்கள் வரிசையாக உள்ளே வந்திருந்தார்கள். சில நாளில் ஆமிக்காரர் முகாமில் அந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்து, விசாரிக்கவென்று அவனைக் கூட்டிப்போனார்கள். அவன் திரும்பி வரவில்லை.

“உதாலதான் நடந்ததெண்டு ஆர் நிரூபிக்கிறது?” என்று அண்ணை கேட்டார். உண்மைதான், நிரூபிக்க முடியாது. இத்தனை வருடமும் அந்த ஒரு கேள்விக்கு மேலே ஏறித்தான் நிற்கிறார். கலியாண வீடுகளில் முன் கதிரை கொடுக்கிறார்கள்.

உன்னிலும் எனக்குக் கோபம். நீ கத்தியிருக்க வேண்டும். நீ அவருடைய அழைப்பை எடுக்காமல் விட்டாய், எதிரே கண்டால் மற்றப் பக்கம் பார்த்தாய். அதுவே போதும், அவருக்கு விளங்கும் என்று நம்பினாய். நீ பேசாமல் இருந்ததை அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டார். உன் வசனத்தையும் எடுத்தார், இப்போது உன் பெயரையும் எடுத்திருக்கிறார்.

இந்தப் புதிய செயலியும் அவருடையதுதான்; நேற்றே அவருக்குப் போன் எடுத்தேன். அது கொம்பியூட்டர் ஆருடையவோ போனிலிருந்த உன் பழைய நம்பரைப் பார்த்துத் தானாக அனுப்பியது, பார்ப்பம் பிள்ளை, நாளைக்குச் செயலி வெளியீட்டுக்கு வாரும் என்றார். இன்று போனேன். அஜின்கோர்ட் உணவகத்தின் மேல் மண்டபம், ரோல்ஸ், பற்றிஸ், சுவர் நீளத்துக்கு உன் வசனம். என்னைக் கண்டதும் மேடைக்குக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளையும் காலமான இவவின் சிநேகிதியும்தான் என்னோடு இதைத் தொடங்கினவை என்று சொல்லி மைக்கைத் தந்தார். சனம் கைதட்டியது.

“இல்லை,” என்றேன். “அவ தொடங்கினது இது இல்லை. அவவின்ர பேரை எடுங்கோ.”

அவர் சிரித்துக்கொண்டே மைக்குக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. கதவைப் பற்றி, மூன்று நாளைப் பற்றி, உன் தம்பியைப் பற்றிச் சொன்னேன். முடித்தபோது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. முன் வரிசையில் ஒரு அன்ரி தன் கைபேசியைத் தூரப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தா.

“பிள்ளை, இதில இல்லையெண்டு எங்க அமத்திறது?”

“இடம் வைக்கேல்லை அன்ரி,” என்றேன்.

“அப்ப எனக்கு வேண்டாம்,” என்று அண்ணையைப் பார்த்தே சொன்னா. முகத்துக்கு நேரே, அத்தனை பேருக்கு முன்னால். நீ அதைக் கேட்டிருக்க வேண்டும்.

உன் பெயர் இன்னும் என் கைபேசியில் கிடக்கிறது. மூன்று நாளில் ஒரு நாள் முடிந்துவிட்டது. உன் பெயரை எடுக்கச் சொல்லி நாளைக்கு அண்ணைக்குப் போன் எடுப்பேன், மறுநாளும் எடுப்பேன். உன்னுடைய கதவை எப்படிக் கட்டுவதென்று எனக்கு மட்டும்தான் தெரியும், அதையும் கட்டுவேன். இந்த முறை அதில் “இல்லை” என்று பெரிய எழுத்தில் ஒரு பொத்தான் இருக்கும்.