உன் விரல் சொன்னதும் நான் சொன்னதும்

இன்று காலை அலுவலகத்தில் ஒரு கணினிக்குப் புது மெமரி போட வேண்டியிருந்தது. உறையைப் பிரித்து அந்தப் பச்சை அட்டையை எடுத்தபோது, அடி விளிம்பில் இருக்கும் சின்னப் பள்ளத்தில் என் நகம் பட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர், "என்ன சார், மாத்தி வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை, சரியாகத்தான் வாங்கியிருந்தேன். கணினியைத் திறந்து, எந்த வகை என்று பார்த்து எழுதிக்கொண்டு போய் வாங்கியது. ஐந்து நிமிட வேலை. அதைத்தான் உனக்கு நான் செய்யவில்லை.

கல்லூரி விடுதியில் உனக்குப் பாடங்களை வாசித்துக் காட்டியது நான். ஆனால் அறையில் எது பழுதானாலும் பார்ப்பது நீ. பிறவியிலேயே பார்வை இல்லாத உன் விரல்கள், ஓடாத கடிகாரத்தையும் சுடாத இஸ்திரிப் பெட்டியையும் தடவிப் பார்த்தே நோயைச் சொல்லிவிடும். ஒருநாள் ஃபியூஸ் போய் விடுதியே இருண்டு கிடக்க, நாங்களெல்லாம் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தோம். "இப்பதான்டா எல்லாரும் என்னை மாதிரி. வழிய விடுங்க" என்று சிரித்துக்கொண்டே போய் நீதான் கம்பி மாற்றினாய்.

பிறகு நான் கணினிப் பராமரிப்பு வேலைக்கு வந்தேன். நீ கோமதியைக் கல்யாணம் செய்துகொண்டு ஸ்ரீரங்கத்தில் குடியேறினாய். நான் இருக்கும் உறையூரிலிருந்து கிளம்பி, சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறினால் அரை மணி நேரத்தில் உன் வீடு. தூரம் ஒரு காரணமே இல்லை.

ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து தரும் வேலை உனக்குக் கிடைத்திருந்தது. முதல் மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். உன் பழைய கணினியோ, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைத் தாங்க முடியாமல் திணறியது.

"ஒரு எழுத்து அடிச்சா, அது காபி குடிச்சிட்டு வந்து பதில் சொல்லுதுடா. மெமரி போடணும். வந்து பாத்துட்டு என்ன வாங்கறதுன்னு சொல்றியா?"

மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் இந்த வாரம் வருகிறேன் என்றேன். நான்காவது முறை, பார்க்காமலே, "டிடிஆர் ஃபோர், எட்டு ஜிபி. கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்றேன்.

"அது எனக்குப் பழக்கம்தான்" என்று சிரித்தாய்.

உன் கணினி அதற்கு முந்தைய வகை. ஒரு வகை மெமரி இன்னொன்றின் இடத்தில் நுழைந்துவிடக் கூடாது என்றுதான் பள்ளத்தை இடம் மாற்றி வைக்கிறார்கள். இது எனக்குத் தெரியும். இதுதான் என் பிழைப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அழைத்தபோது தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினாய். "டேய், ஸ்லாட்டுக்குள்ள ஒரு மேடு இருக்கு. மெமரியில ஒரு பள்ளம் இருக்கு. ரெண்டும் நேரா வரலை. திருப்பி வச்சும் பாத்துட்டேன்."

உன் விரல்கள் மிகச் சரியாகச் சொல்லிவிட்டன. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "புதுசுன்னா இறுக்கமாத்தான் இருக்கும். ரெண்டு பக்கமும் கட்டை விரலை வச்சு நல்லா அழுத்து" என்றேன்.

"உடைஞ்சிடாதே?"

"உடையாது. அழுத்துடா."

டப்பென்று ஒரு சத்தம் போன் வழியே கேட்டது. "அதான், உக்காந்துடுச்சு" என்றேன்.

கணினி அதன்பின் உயிர் பெறவில்லை. மறுநாள் வந்தேன். மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. ஸ்லாட்டில் இருந்த அந்த மேடு பெயர்ந்து, உள்ளே ஊசிகள் வளைந்து கிடந்தன. கோமதி காபியோடு நின்றுகொண்டிருந்தாள். "என்னண்ணா ஆச்சு?" என்று கேட்டாள்.

தவறான வகையைச் சொன்னவன் நான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "இதெல்லாம் கண்ணு தெரியறவங்க செய்யற வேலைம்மா. இவன் தப்பா வச்சு அழுத்திட்டான்."

நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாய்.

வேறு கணினி ஏற்பாடு செய்வதற்குள் மாதம் முடிந்து அந்த வேலை இன்னொருவருக்குப் போய்விட்டது. வெகுநாள் கழித்து, காவிரிக் கரையில் அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது மெதுவாகக் கேட்டாய்: "அன்னைக்கு பள்ளம் நேரா வரலைன்னு சொன்னேன்ல? ஞாபகம் இருக்கா?"

"அப்படியா சொன்னே? ஞாபகம் இல்லடா" என்றேன். என் முகத்தை நீ பார்க்க முடியாது என்ற தைரியத்தில் சொன்னேன்.

போன ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் அழவில்லை.

"இதை அவர் இருக்கறப்ப சொல்லியிருக்கக் கூடாதாண்ணா? அதுக்கப்புறம் அவர் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடலைங்க. கேஸ் சிலிண்டர் மாட்டணும்னாக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். 'என் கை இப்பல்லாம் சரியாச் சொல்றதில்ல கோமதி'ம்பார்."

உள்ளே போய்விட்டாள். மன்னிப்பாள் என்று எதிர்பார்த்து நான் சொல்லவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் போன பிறகும் வாசலில் காத்து நின்றபோதுதான், அதையும் எதிர்பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தது.

உன் கை சரியாகத்தான் சொன்னதுடா. நான் பார்க்காமல் சொன்னதைவிட, பார்த்துவிட்டுச் சொன்னதைவிடச் சரியாகச் சொன்னது. இந்த ஒரு வாக்கியத்தை உன்னிடம் சொல்ல எனக்கு ஆறு வருஷம் இருந்தது.