தொட்டிக்கும் அஜீரணம்

மார்ச் 2

அன்புள்ள மூக்கிக்கு,

நலம். அக்கா வீட்டில் நீயும், உன் கோபமும் நலம்தானே? சாப்பாட்டுக்கடைக்குப் பின்னால் குவியும் கழிவு நாற்றம் போனால்தான் கடைக்கு மேலே இருக்கும் நம் வீட்டு மாடிப்படி ஏறுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். இப்போது காற்றுப் புகாத தொட்டி ஒன்று வைத்துவிட்டேன். காய்கறித் தோல், மிஞ்சிய சோறு எல்லாம் அதற்குள் மட்கி வாயுவாகிறது. அதில்தான் அடுப்பு எரிகிறது. ஈக்கள்கூட வேறு கடை பார்த்துப் போய்விட்டன. எப்போது வருகிறாய்?

உன் கடைக்காரன்


மார்ச் 9

அன்புள்ள கடைக்காரருக்கு,

உங்கள் ஆரம்ப சூரத்தனம் எனக்குத் தெரியாதா? கொஞ்ச நாள் ஓடட்டும், பார்ப்போம். இங்கே ஒரு குறையுமில்லை. சண்டை போடத்தான் ஆளில்லை.

மூக்கி


மார்ச் 20

மூக்கி,

மானம் போயிற்று. ஒரு விருந்தில் மிஞ்சியதை அண்டா அண்டாவாகத் தொட்டிக்குள் தள்ளினேன். நிறையப் போட்டால் நிறைய வரும் என்று நினைப்பு. இப்போது அடுப்பு பற்றவே மாட்டேன் என்கிறது, தொட்டிப் பக்கம் புளித்த வாடை. இதை மறைத்து உன்னை வரவழைக்க மனசு வரவில்லை. நீ வராவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதப் பார்த்தேன். பொய். நீ இல்லாமல் மாடி வெறிச்சென்று இருக்கிறது.

கடைக்காரன்


மார்ச் 25

அன்புள்ள கடைக்காரருக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. கல்யாணமான புதிதில் 'இன்னும் கொஞ்சம்' என்று என் தட்டில் குவித்தீர்களே, அதையே தொட்டிக்கும் செய்தீர்களா? பாவம், அதற்கு அஜீரணம். இங்கே மாட்டுப் பண்ணையில் இதே மாதிரி தொட்டி இருக்கிறது என்றார்கள். போய் விசாரித்தேன். சில நாள் பட்டினி போட்டு, புதுச் சாணம் கரைத்து ஊற்றச் சொன்னார்கள். பிறகு பொடியாக நறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். வழிந்து வரும் கரைசல் நல்ல உரமாம். என் ரோஜாவுக்கு ஊற்றுங்கள். பண்ணைத் தொட்டியை நானே குனிந்து மோந்து பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூக்கி


ஏப்ரல் 14

அன்புள்ள மூக்கிக்கு,

சுடர் நீலமாக எரிகிறது. சிலிண்டர்க்காரர் 'கடையை மூடிவிட்டீர்களா?' என்று கேட்டுவிட்டுப் போகிறார். பக்கத்து வீட்டுக்காரர் எப்போதும் சாத்தியே வைத்திருந்த ஜன்னலைத் திறந்துவிட்டார். உன் ரோஜா மொட்டு விட்டிருக்கிறது.

கடைக்காரன்


ஏப்ரல் 18

அன்புள்ளவருக்கு,

சனிக்கிழமை வருகிறேன். அடுப்பு எரிகிறது என்பதற்காக இல்லை. எரியவில்லை என்று எழுதினீர்களே, அன்றைக்கே பெட்டியை எடுத்து வைத்துவிட்டேன். வந்ததும் முதலில் தொட்டியைத்தான் மோந்து பார்ப்பேன், பிறகுதான் உங்கள் முகம். ஒன்று மட்டும்: ரொம்ப நாள் கழித்து வருகிறாளே என்று தட்டில் குவிக்காதீர்கள். எனக்கும் அளவாகத்தான்.

முதல் கரண்டி மட்டும் கொஞ்சம் கூடப் போடலாம்.

உங்கள் மூக்கி