நாற்பது வண்டிகளின் வரிசை

காரக்பூர்,
ஆகஸ்ட் 2004

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நலம். ட்ரெய்லரிலேயே உட்கார்ந்து வீங்கிய கால் இப்போது எப்படி இருக்கிறது?

"லாரி கியூல நிக்கிறதுக்கு இன்னாத்துக்கும்மா ஆராய்ச்சி?" என்று கேட்டீர்களே. துறைமுகத்துக்குள் போக எண்ணூர் சாலைக்கு ஒரு நாளில் வரும் வண்டிகளில் நாற்பதை, உங்களுடையதையும் சேர்த்து, கணினியில் நிறுத்தினேன். யாரை முன்னால் விட்டால் எல்லோருடைய காத்திருப்பும் சேர்ந்து குறையும்? அவற்றை வரிசைப்படுத்தும் வழிகளின் எண்ணிக்கை நாற்பத்தெட்டு இலக்க எண், நைனா! ஒவ்வொன்றாகப் பார்க்க உலகத்தின் வயது போதாது. கணினி ஒன்பதே நிமிடத்தில் ஒரு வரிசையைக் காட்டி, இதைவிடச் சிறந்தது இருக்கவே முடியாது என்று நிரூபித்தும் விட்டது. அத்தனையையும் பார்க்காமலே! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அந்த வரிசையில் உங்கள் வண்டிதான் கடைசி. சுமை இறக்க நேரமாகும் என்று எல்லோரையும் முந்தவிட்டு, பதினாறு மணி நேரம் நிற்க வைத்திருந்தது.

யாரும் எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். மற்ற வண்டிகளுக்குச் சராசரியாகப் பதின்மூன்று நிமிடம்தான் கூடியது. வெறும் பதின்மூன்று நிமிடம்!

அடுத்த முறை நிற்கும்போது வண்டி எப்போதெல்லாம் நகர்ந்தது என்று எழுதி அனுப்புங்கள். போனில் வேண்டாம். ஆராய்ச்சிக்கு நேரங்கள் போதும். எனக்காக மேலே 'அன்புள்ள மகிழினிக்கு' என்றும் எழுதுங்கள்.

தபால்காரர் பெட்டியைத் திறந்துவிட்டார், ஓடுகிறேன்.

மகிழினி