இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள்

செப். 12, வெள்ளி

காலையிலிருந்து மின்தடை. தெரு முழுக்கத் தறி நின்றுவிட்டது. குமாரபாளையத்தில் இப்படியொரு அமைதி எப்போதாவதுதான். காது பழகாமல் தானாகவே இரைந்துகொண்டிருக்கிறது. நல்ல வெயில். ஆற்றுப் பக்கம் மட்டும் கொஞ்சம் மேகம்.

வேலை: காலாண்டு விடுமுறைக்குச் சென்னையில் தங்க ஹோட்டல் பார்ப்பது. அப்பா நேற்றே சொல்லிவிட்டார். "நீயே பாத்துப் போடு சாமி. உனக்குத்தான் அந்த வெவரமெல்லாம் தெரியும்." நான்கு பேர். மாமா (அக்கா வீட்டுக்காரர்), குழந்தைகள் யாழினி, கவின், நான்.

அக்கா இறந்து வருடம் திரும்பிச் சாமி கும்பிட்டது போன வாரம். அதுவரை குழந்தைகளை எங்கும் கூட்டிப்போகவில்லை. அவள் போனதிலிருந்து இரண்டும் எங்களோடுதான். மாமா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு மகாராஷ்டிராவில் பாதி வருடம், திருச்செங்கோட்டில் மீதி. இப்போது வடக்கே மழை, அதனால் வண்டி ஊரில் நிற்கிறது. ஐப்பசிக் கடைசியில் கிளம்பிவிடுவார். போவதென்றால் இப்போதுதான்.

கவினிடம் எப்படிப்பட்ட ஹோட்டல் வேண்டுமென்று கேட்டேன். "லிப்ட் இருக்கோணும். நாந்தான் பட்டன் அமுக்குவேன். யாழினி அக்கா அமுக்கக் கூடாது." ஐந்து வயதுக்குத் தெளிவான கோரிக்கை. யாழினி வெகுநேரம் கழித்துச் சமையலறை வரை வந்து நின்றாள். "எல்லாரும் ஒரே ரூம்ல படுக்கற மாதிரி பாருங்க சித்தி."

நான் பார்ப்பது: தரைவிரிப்பு இல்லாத அறை (கவினுக்கு மூச்சிழுப்பு). ஜன்னலில் கம்பி. பால்கனி வேண்டாம். குளியல் தொட்டியும் வேண்டாம். நடந்துபோகும் தூரத்தில் குழந்தை டாக்டர். காலை ஆறரைக்கே பால் கிடைக்குமா?

செப். 14, ஞாயிறு

புழுக்கம். மதியம் முழுக்க மொபைலில் ஹோட்டல்கள். மற்றவர்கள் எழுதிய விமர்சனங்களை வரிவிடாமல் படிக்கிறேன். கதை படிப்பதுபோலத்தான் இருக்கிறது. "எங்கள் மகளின் முதல் பிறந்தநாளை இங்கே கொண்டாடினோம், ஊழியர்கள் பலூன் கட்டினார்கள்." "வெந்நீர் வரவில்லை, மாமியார் கோபித்துக்கொண்டார்." யாரும் தங்கள் துக்கத்தை எழுதுவதில்லை. துக்கத்தோடும் மனிதர்கள் ஹோட்டலில் தங்கத்தானே செய்வார்கள்.

எல்லாத் தளத்திலும் அதே படம். வெள்ளை மெத்தை, அப்பா, அம்மா, மகன், மகள், நடுவில் ஒரு தலையணைச் சண்டை. பெரியவர்கள் 2, குழந்தைகள் 2 என்று போட்டதும் திரை எல்லாவற்றையும் தானே புரிந்துகொள்கிறது. பெரிய கட்டில் ஒன்று, ஓரமாகச் சோபா ஒன்று.

அ: கடற்கரைக்குப் பக்கம். ஏழாவது மாடி, பால்கனி. வேண்டாம்.
ஆ: எழும்பூர். தரைவிரிப்பு இல்லை. லிப்ட் உண்டு. எதிரிலேயே மருந்துக்கடை.
இ: நீச்சல் குளம். படத்தில் தண்ணீர் பச்சையாக இருக்கிறது.

ஆ-வுக்குப் போன் செய்தேன். எடுத்தது ஒரு பெண், என் வயதுதான் இருக்கும்.

"ஃபேமிலி ரூம் ஒண்ணே போதும் மேடம். கிட்ஸுக்கு எக்ஸ்ட்ரா பெட் போட்டுத் தர்றோம். சார் பேர்ல போடவா, உங்க பேர்லயா?"

சார் யார் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எங்க அக்கா வீட்டுக்காரர்," என்றேன்.

"ஓ. அப்ப டூ ரூம்ஸ் மேடம். நடுவுல கதவு இருக்கற மாதிரி தர்றேன். சிஸ்டரும் வர்றாங்களா?"

"இல்லீங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். முன்பின் தெரியாத பெண். ஒரு நொடியில் இரண்டு அறை என்று சொல்லிவிட்டாள்.

செப். 15, திங்கள்

மாமாவின் அம்மா, திருச்செங்கோட்டு அத்தை, வந்திருந்தார். கை நிறைய முறுக்கு, கவினுக்குப் பொம்மை லாரி. சாயங்காலம் அம்மாவும் அவரும் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். நான் காபி கொண்டுபோனேன்.

"ஓட்டல் பாத்தாச்சா அம்மிணி?"

"பாத்துட்டிருக்கேனுங்க அத்தை. ரெண்டு ரூம் சேந்தாப்ல இருக்கற எடமாத் தேடறேன்."

"ரெண்டு ரூம் என்னத்துக்கு? ஒண்ணாவே போடு சாமி. நம்மூட்டு ஆளுகதான? புள்ளைக பயப்படாமத் தூங்கும்."

அம்மாவைப் பார்த்தேன். ஆறு மணிக்கு மேல் பஸ் ஸ்டாண்டில் நிற்காதே என்று இன்றைக்கும் சொல்லும் அம்மா. கல்லூரிச் சுற்றுலாவுக்கு டீச்சரோடு ஊட்டி அனுப்ப மறுத்த அம்மா. மாமா வீட்டுக்கு வந்தால் துப்பட்டாவைச் சரிசெய்யச் சொல்லிக் கண் காட்டும் அம்மா. கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒவ்வொரு இலையாக உருவிக்கொண்டே இருந்தாள்.

அப்போது புரிந்தது. என்னை மாமாவுக்கு என்று பேசி முடித்துவிட்டார்கள். சென்னைக்குப் போவது விடுமுறை இல்லை. நான்கு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் தங்கித் திரும்பி வந்தால், அதற்குப் பிறகு யாரும் என்னிடம் எதையும் கேட்கவேண்டியதில்லை.

காபி டம்ளர்களைக் கழுவினேன். துடைத்து வைத்தேன். மறுபடி கழுவினேன்.

செப். 17, புதன்

புரட்டாசி முதல் நாள். வாசல் தெளித்துக் கோலம். லேசான தூறல், உடனே நின்றுவிட்டது.

அப்பா தறிக்குடோனுக்குப் போனதும் அம்மாவிடம் நேராகக் கேட்டேன்.

"பொரட்டாசில ஒண்ணும் பேசக் கூடாது," என்றாள் முதலில். பிறகு அவளே, "ஐப்பசி வளர்பிறைல பாக்கலாம்னு இருக்கறாங்க. ஆருக்கும் சொல்லாம கோயில்லயே வெச்சு முடிச்சுக்கலாம். மாப்பிள்ளைக்கும் சம்மதம்."

"என்னைக் கேக்கலியேம்மா."

"கேட்டா நீ என்ன சொல்லுவ? அந்தப் புள்ள உம்பக்கத்துலதான் தூங்குது. பையன் நீ ஊட்டுனாத்தான் திங்கறான். நாளைக்கு எவளோ ஒருத்தி வந்தா உன்னைய அந்த ஊட்டுப் படியேற உடுவாளா? ரெண்டையும் கண்ணுல பாக்க முடியுமா உன்னால?"

அம்மா மிரட்டவில்லை. நடக்கக்கூடியதைச் சொல்கிறாள். அவள் ஒரு மகளை இழந்தவள். பேரக்குழந்தைகளையும் இழந்துவிடாமல் இருக்க அவள் கையில் இருக்கும் ஒரே வழி நான்.

நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் இன்று புத்தகங்களை அடுக்கும்போது எண்களை மாற்றி மாற்றி வைத்தேன். வாசித்துக்கொண்டிருக்கும் நாவல் பாதியில் நிற்கிறது. அதில் வரும் பெண் எல்லோருக்காகவும் ஒன்றைச் செய்துவிட்டு நூறு பக்கமாக அழாமல் இருக்கிறாள். மேற்கொண்டு படிக்கப் பிடிக்கவில்லை.

நேர்மையாக எழுதவேண்டுமென்றால்: மாமா மோசமானவர் இல்லை. அதிர்ந்து பேசமாட்டார். குழந்தைகள் என் உயிர். ஆனால் அந்த வீட்டில் அக்காவின் பீரோ, அக்காவின் அம்மிக்கல், அக்காவின் கட்டில். அவள் விட்டுப்போன ஒவ்வொன்றையும் நான் எடுத்துப் புழங்கவேண்டும். கடைசியில் அவள் இருந்தாள் என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும், எனக்கும். நான் இருந்தேன் என்பதும்தான்.

இன்னும் எந்த ஹோட்டலும் முடிவு செய்யவில்லை.

செப். 21, ஞாயிறு

மாளய அமாவாசை. விடியும்போதே பாலத்தைத் தாண்டிப் பவானி கூடுதுறை. கால் வைக்க இடமில்லாத கூட்டம். மாமா திருச்செங்கோட்டிலிருந்து நேராக வந்துவிட்டார். ஈர வேட்டியோடு உட்கார்ந்து அக்காவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார். பெயரை அய்யர் இரண்டாவது முறை கேட்டுத்தான் சொன்னார்.

அம்மாவும் அத்தையும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சாமி பார்க்க வரிசையில் நின்றார்கள். செருப்புக்கும் பைக்கும் காவலாக நானும் மாமாவும் மட்டும் படிக்கட்டில். இனி இப்படி வாய்க்காது என்று தோன்றியது.

"மாமா, ஐப்பசியில பேசப்போறாங்களாமே. உங்களுக்குச் சம்மதம்னு அம்மா சொன்னாங்க."

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "அம்மிணிக்குச் சம்மதம்னு எங்கம்மா சொன்னாங்க. நீங்களே கேட்டதா."

"நானா?"

"புள்ளைகள உட்டு இருக்க முடியலீன்னு அழுததாச் சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் எப்பிடீங்க வேண்டாங்கறது?"

பக்கத்தில் ஒரு பெண் தன் கணவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். "மொபைலயும் முக்குனியா ஆத்துல? உங்கப்பன் அங்கிருந்து பேசப்போறாரா?" மாமா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"எனக்கு இன்னும் அவ போனதே மண்டைல ஏறலீங்க," என்றார்.

"எனக்கும்தானுங்க."

பிறகு சொல்லிவிட்டேன். நான் சென்னைக்கு வரவில்லை. மூன்று பேருக்கும் நல்ல இடமாக நான் பார்த்துத் தருகிறேன். அவர்களோடு நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.

"நான் தனியாவுங்களா? ரெண்டையுமா? நான் அதுகளத் தூங்க வெச்சதே இல்லீங்களே."

"தெரியுங்க மாமா."

வரிசையிலிருந்து கவின் கையாட்டினான். இவரும் ஆட்டினார். அப்புறம் தாழ்ந்த குரலில் கேட்டார். "யாழினிக்கு ரெட்டை ஜடை போடறது சிரமங்களா?"

செப். 22, திங்கள்

எழும்பூர் ஹோட்டலிலேயே போட்டுவிட்டேன். பெரியவர் 1, குழந்தைகள் 2. ஓர் அறை. சனி, ஞாயிறு, திங்கள். ஆயுத பூஜைக்குள் மாமா ஊரில் இருக்கவேண்டும், ரிக் வண்டிக்குப் பூஜை.

அதே பெண்தான் எடுத்தாள். "நீங்க வரலையா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். லிப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அறையாகத் தருவதாகச் சொன்னாள்.

வீட்டில் சொன்னேன். அப்பா எழுந்து தறிக்குப் போய்விட்டார். அம்மா, "உன்னிஷ்டம்," என்றாள். அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. தட்டில் சோறு விழுகிறது. அவ்வளவுதான்.

செப். 24, புதன்

சாயங்காலம் நல்ல மழை. சாக்கடை நிரம்பிச் சாயத்தண்ணீர் தெருவெல்லாம் சிவப்பு.

யாழினிக்கு யார் சொன்னார்களோ. பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள்.

"நீங்க வரலீன்னா நானும் போகல."

"அப்பா இருக்காங்கல்ல கண்ணு."

"அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க எங்களுக்கு அம்மாவா வரப்போறீங்கன்னு அப்பத்தா சொன்னாங்க. வர்றீங்களா இல்லீங்களா?"

ஒன்பது வயது. ஒரு வீடே சுற்றிச் சுற்றி வந்ததை நேராகக் கேட்டுவிட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் பெரியவங்க விஷயம்" என்று தட்டிக்கழித்திருக்கலாம்.

"இல்ல சாமி. நான் சித்திதான். எப்பவும் சித்தியாவே இருப்பேன்."

"அப்ப வேற யாரு வருவாங்க?"

"தெரியலடா."

"யாராச்சும் வந்தா உங்களப் பாக்க உட மாட்டாங்களாம்."

அதையும் கேட்டிருக்கிறாள். அணைத்துக்கொள்ளப் போனேன், நகர்ந்துவிட்டாள். இன்று படுக்கையைத் தூக்கிக்கொண்டு அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டாள். கவின் மட்டும் என்னோடு. அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. லிப்டில் எத்தனை பட்டன் இருக்கும் என்று கேட்டபடியே தூங்கினான்.

செய்தது சரியா? தெரியவில்லை. இதைச் செய்யாமல் இருந்திருந்தால் தப்பு என்பது மட்டும் தெரிகிறது. இரண்டும் ஒன்றல்ல.

செப். 27, சனி

ஈரோடு ஸ்டேஷன் வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன். யாழினி ஒருவழியாகக் கிளம்பினாள். மாமா முடி வெட்டிக்கொண்டு புதுச்சட்டை. பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் போகிறவர் மாதிரி இருந்தார். மருந்துப் பையைத் திறந்து எது எப்போது என்று மறுபடி ஒருமுறை என்னிடம் ஒப்பித்தார். ரயில் நகரும்போது கவின் ஜன்னலில் மூக்கை அழுத்திக் கையாட்டினான். யாழினி எதிர்ப்பக்கம் பார்த்திருந்தாள்.

மாலை ஐந்து மணிக்கு ஒரு படம் வந்தது. அறை. கட்டில், ஜன்னல், மூலையில் இவர்கள் பை. மனிதர்கள் யாரும் இல்லை. எல்லாம் நான் கேட்டபடி.

வீட்டில் மூன்று பேர் சாப்பிட்டோம். மழை இல்லை. தறிச் சத்தம் மட்டும்.

செப். 28, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு மாமா போன். பின்னால் தட்டுச் சத்தம், யாரோ சட்னி கேட்கும் குரல்.

"விடியக்காலைல கவின் எந்திரிச்சு அழுதானுங்க. புது எடம் பாருங்க."

"என்னைக் கேட்டானுங்களா?"

"இல்லீங்க. அம்மாவக் கேட்டான்."

இந்த ஒரு வருடத்தில் அவன் ஒருமுறைகூட அக்காவைக் கேட்டதில்லை. சின்னப் பையன், மறந்துவிட்டான் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். கண்ணைத் திறக்கும்போதெல்லாம் நான் பக்கத்தில் இருந்தேன். எப்படிக் கேட்டிருப்பான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு வாயே வரலீங்க. உங்களக் கூப்பிடலாம்னு போன எடுத்தேன். யாழினி வேண்டாம்னுட்டா. அவதான் அவனை மடில படுக்க வெச்சு, அம்மா இனி வரமாட்டாங்கடா, நானும் அப்பாவும் இருக்கோம்னு சொன்னா. அப்புறம் மூணு பேரும் கொஞ்ச நேரம் அழுதோங்க." நிறுத்தினார். "இப்பப் பரவால்லீங்க. இட்லி திங்கறாங்க. கடலுக்குப் போறோம்."

"யாழினிகிட்டக் குடுங்க."

பேச்சுக்குரல். பிறகு மாமாவே, "அப்புறம் பேசறாளாமுங்க," என்றார்.

சரிங்க என்று வைத்தேன். அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள், கரண்டியோடு. திங்கள்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக என்னிடம் கேட்டாள். "என்னவாம்?"

அப்படியே சொன்னேன், ஒன்றும் விடாமல். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளையுமா அழுதாரு?"

"மூணு பேரும்மா."