மாஃபி முஸத்தஸ்

மச்சான்,

நீண்ட மூக்கு வைத்த உன் எண்ணெய்க் குப்பி இப்போது என் வீட்டில் இருக்கிறது. உன் கருமாதி அன்று உன் மனைவி அதைத் துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். "அண்ணே, அவுக கடையில இருந்து நீங்க ஒரு சாமானாவது எடுத்துட்டுப் போகணும்" என்றாள். இன்று காலை என் வீட்டுக்காரி அதிலிருந்து தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் நான் மறுபடி சவுதியில், தம்மாமில் இருந்தேன். முதலாளி வீட்டில் விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸ், தடித்த சிவப்புக் கம்பளம், உன் முன்னால் விரித்த வெள்ளைத் துண்டு, அதன் மேல் மூன்று கைத்துப்பாக்கிகள்.

அழுது எழுதும் மடல் இல்லை இது. அழுகையை உன் வீட்டு வாசலிலேயே முடித்துவிட்டேன். இது கோபத்தில் எழுதுவது. கருமாதிப் பந்தியில் உன் சித்தப்பா மகன் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருந்தான். பாயசத்தை வழித்துக் குடித்துவிட்டு, "எங்கண்ணன் பேருக்குத்தான் பட்டாளத்துக்காரன். சவுதியில ஒரு துப்பாக்கியத் தூக்குடான்னதுக்குப் பயந்து ஊருக்கு ஓடியாந்தான்" என்றான். பந்தியில் நாலு பேர் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த உன் மகள் வாளியோடு அப்படியே நின்றாள்.

இத்தனை வருடமும் ஊரில் உன்னைப் பற்றி இருந்த பேச்சு இதுதான் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். "சொல்றவன் சொல்லட்டும் மாப்ளே, விளக்கம் சொல்லப் போனா அதுவே ஒரு வேலையாப் போயிரும்" என்பாய். நீ இருக்கும் வரை அது உன் இஷ்டம். இனிமேல் நான் உன் பேச்சைக் கேட்பதாக இல்லை.

அந்த நாட்களை உனக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்தச் சில வருடங்களில் அங்கே சுட்டார்கள், இங்கே குண்டு வெடித்தது என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. வெள்ளைக்காரர்கள் குடியிருந்த காம்பவுண்டு வாசல்களில் சிமெண்டுக் கட்டைகளை அடுக்கினார்கள். ஜுபைல் ரோட்டில் நினைத்த இடத்தில் செக்போஸ்ட் முளைத்தது. நம் முதலாளியும் பயந்தார். நம் விசா அவர் கையில், அவர் நிம்மதி யார் கையிலும் இல்லை. வீட்டுக்கும் வண்டிக்கும் ஒரு துப்பாக்கி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார். கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த நீ இந்தியப் பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் வேலை செய்தவன் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தர உன்னை வரச் சொன்னார், அவருடைய டிரைவர் என்பதால் உன்னைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன்.

அவருடைய மைத்துனர் கொண்டுவந்திருந்த மூன்றில் ஒன்று தங்க முலாம் பூசியது, இருப்பதிலேயே பெரியது. முதலாளியின் கண் அதை விட்டு நகரவில்லை. "கபீர், கபீர்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பெரிசு, பெரிசு. நீ அதைத் தொடக்கூட இல்லை. அவருக்கும் புரிகிற உன் பட்டாளத்து இந்தியில், இதைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டிருங்கள், நான் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்றாய். கிளாஸில் பாதி குறைவதற்குள் அவர் மணிக்கட்டு தொங்கிவிட்டது. "கலாஸ்", போதும், என்று சிரித்துக்கொண்டே துண்டில் வைத்தார். நல்ல மனிதர்தான், அப்போது வரை.

என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாய். "வாய் பெரிசா இருந்தா மட்டும் போதாது மாப்ளே. கூப்பிட்ட நேரத்துல பேசணும்."

பிறகு அவரிடம், வாரம் ஒரு தடவையாவது சுட்டுப் பழகுவீர்களா என்று கேட்டாய். நேரம் எங்கே இருக்கிறது என்றார். அப்படியென்றால் இதுவும் வேண்டாம் என்று கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கும் இரண்டாவதையும் ஒதுக்கினாய். நல்ல சாமான்தான், ஆனால் நடுவில் ஒரு தோட்டா சிக்கினால் எடுத்துவிட்டுத் திரும்பச் சுடக் கை பழகியிருக்க வேண்டும், பயத்தில் நடுங்குகிற கைக்கு அது வராது என்றாய். மூன்றாவதை எடுத்தாய். நாற்பத்துநாலு காலிபர், ஆறு தோட்டா சுழலும் உருளை, மங்கின எஃகு, எந்தப் பகட்டும் இல்லை. வாய் பெரியதுதான். கனம் கையை இழுக்கும், ஆனால் சுடும்போது வருகிற உதையை அந்தக் கனமே வாங்கிக்கொள்ளும். வீட்டுக்கு வேகம் குறைந்த தோட்டாவே போதும், இரண்டு கையாலும் பிடியுங்கள். ஒன்று வெடிக்காவிட்டால் யோசிக்கவே வேண்டாம், மறுபடி இழுத்தால் அடுத்தது தானாக வந்து நிற்கும். எண்ணெய் மட்டும் கம்மியாக விடுங்கள், எண்ணெய் கூடினால் இந்த ஊர் மணல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

முதலாளி முகத்தைச் சுளித்தார். வாட்ச்மேன் வைத்திருப்பது போல இருக்கிறதே என்றார். பார்ப்பதற்கு வாங்குகிறீர்களா, காப்பதற்கு வாங்குகிறீர்களா என்று நீ கேட்டாய். அதோடு, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், பூட்டுப் பெட்டி வாங்காமல் இதை வாங்காதீர்கள், சாவி உங்கள் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும் என்றாய். அவருக்குத் தங்கத்தின் மேல் இருந்த ஆசை போகவில்லை. ஆனாலும் நீ சொன்னதைத்தான் எடுத்தார்.

துப்பாக்கிக்கு அரபியில் முஸத்தஸ் என்று பெயர் என்பதை அன்றுதான் நாம் இருவரும் கற்றுக்கொண்டோம். ஆறு என்ற சொல்லிலிருந்து வந்ததாம். "பாத்தியா, பேரு வச்சவனே ஆறு தோட்டாவப் பாத்துத்தான் வச்சிருக்கான்" என்று உனக்கு ஒரே பெருமை.

அதோடு முடிந்திருந்தால் நீயும் நானும் தம்மாமிலேயே நரைத்திருப்போம். முதலாளி அதைத் தன் அங்கியின் பையில் போட்டுக்கொண்டு மஜ்லிஸில் நடந்து பார்த்தார். வெள்ளை அங்கி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சரிந்தது. பெல்ட் கட்டாத உடுப்பில் அத்தனை கனத்தை எங்கே வைப்பது? நான் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்று உன் இடுப்பைப் பார்த்தார். அங்கே பெல்ட் இருந்தது.

"நீ வைத்துக்கொள். வண்டியில் முன் சீட்டில், இவன் பக்கத்தில் உட்கார். உன் சம்சாரத்தையும் பிள்ளையையும் வரவழைக்க ஃபேமிலி விசா தருகிறேன்" என்றார்.

மச்சான், அந்த ஃபேமிலி விசாவுக்கு நீ எப்படி ஏங்கினாய் என்று ஊரில் எவனுக்குத் தெரியும்? இட்லி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும், இந்தியன் ஸ்கூல் பஸ் எந்தத் தெருவில் வரும் என்று எல்லோரிடமும் கேட்டு வைத்திருந்தவன் நீ. நான் பக்கத்தில் உட்கார்ந்து மனசுக்குள் உனக்காகத் தலையாட்டினேன்.

நீ எழுந்து நின்றாய். மற்ற இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டுத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாய்.

"தேர்ந்தெடுத்துத் தரச் சொன்னீங்க, தந்துட்டேன். லைசன்ஸ் உங்க பேருல. என் இடுப்புல இருந்தா அது எனக்குத் தூக்குக் கயிறு" என்று இந்தியில் சொன்னாய். அவர் இன்னொரு முறை சொன்னார், இந்த முறை சிரிப்பில்லாமல். அப்போது நீ அவருடைய பாஷையிலேயே, இரண்டே சொல்லில் முடித்தாய். "மாஃபி முஸத்தஸ்."

துப்பாக்கி இல்லை. அந்த வீட்டில் மாஃபி என்ற சொல் எப்போதும் மேலேயிருந்து கீழேதான் வரும். லீவு கேட்டால் மாஃபி, பாஸ்போர்ட் கேட்டால் மாஃபி. கீழேயிருந்து மேலே போன மாஃபியை நான் அன்று ஒரு தடவைதான் கேட்டேன். முதலாளி முகம் இறுகிப்போனது.

ரூமுக்கு வந்ததும் உன்னோடு சண்டை போட்டேன். பிழைக்கத் தெரியாதவன் என்றேன். நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாய். "பட்டாளத்துல தூக்கினேன். அங்க யாரைச் சுடணும், எப்ப சுடணும்னு சொல்ல ஒரு ஆளு இருந்தான். சுட்டதுக்குப் பொறுப்பேத்துக்க ஒரு நாடு இருந்துச்சு. இங்க சுட்டா என் பின்னாடி யாரு நிப்பா? நீயா?"

"நான் வண்டி ஓட்டுறவன்" என்றேன்.

"அதான் சொல்றேன், ஒழுங்கா வெங்காயத்த வதக்கு" என்றாய்.

அந்த மாதமே உன் பாஸ்போர்ட்டில் எக்ஸிட் அடித்து, வேலையை விட்டு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஏர்போர்ட்டுக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். நீ முன் சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் தையல் மெஷின் கடை வைப்பதைப் பற்றியே பேசினாய். ஸ்பிரிங்கும் ஊசியும் உனக்குப் புதுசில்லை, சத்தம்தான் கம்மி என்றாய்.

உன் சீட் காலியாக இருந்த வண்டியில் என்ன நடந்தது என்பதைத்தான் உன் சித்தப்பா மகனுக்குச் சொன்னேன். பந்தியிலேயே, இலையை மடிக்காமல்.

மதியச் சாப்பாடு முடித்துவிட்டு ஜுபைல் சைட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின் சீட்டில் முதலாளி தூங்குகிறார், அவர் பக்கத்தில் கம்பெனியின் பெரிய எஞ்சினியர், அவரும் தூக்கம். வழியில் புதிதாக ஒரு செக்போஸ்ட். ஒரு சிப்பாய் என் ஜன்னல் பக்கம் குனிந்து, "ஃபீ முஸத்தஸ்?" என்றான். துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்கிறான். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. எஞ்சினியரை அரபியில் முஹந்திஸ் என்பார்கள். முஹந்திஸ் எங்கே, முஹந்திஸை ஏற்றிக்கொண்டு வா, தினமும் என் காதில் விழுவது அந்தச் சொல்தான். எஞ்சினியர் இருக்கிறாரா என்று கேட்கிறான் என நினைத்து மரியாதையாகப் பதில் சொன்னேன். "ஐவா, ஃபீ. வாஹித் கபீர்." ஆமாம், இருக்கிறது. ஒன்று, பெரிசு. சொன்னதோடு நிற்காமல் கட்டைவிரலால் பின்பக்கம் காட்டவும் செய்தேன்.

அடுத்த நிமிடம் என் கன்னத்துக்கு நேரே ஒரு நீளத் துப்பாக்கி. கதவைத் திறந்து இழுத்தார்கள். பானட்டின் மேல் கையை வைக்கச் சொன்னார்கள். அந்த வெயிலில் தகரம் தோசைக்கல்லாகக் கொதித்தது, கையை எடுக்கத் தைரியம் வரவில்லை. தூக்கத்தில் எழுந்த முதலாளி கோபமாக அடையாள அட்டையை எடுக்க அங்கிப் பைக்குள் கையை விட்டார். எல்லாத் துப்பாக்கியும் அவர் பக்கம் திரும்பியது. ஒரு விரல் அசைந்திருந்தால் போதும். சீட்டைக் கழற்றினார்கள், டிக்கியைக் கொட்டினார்கள், எங்கள் இடுப்பைத் தடவினார்கள். ஒன்றும் இல்லை. நீ சொன்னபடி அது வீட்டில், பெட்டியில், பூட்டுக்குள் இருந்தது. கடைசியில் எஞ்சினியர் "நான்தான் முஹந்திஸ்" என்று சொன்னதும் அவர்களுடைய பெரியவருக்கு விஷயம் புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கிய முதலாளி, என் பக்கத்தில் இருந்த காலி சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அன்று அவன் சரி என்றிருந்தால் இன்றைக்கு இங்கே இருந்திருப்பான், அதுவும் அவன் இடுப்பில் இருந்திருக்கும்" என்றார். பிறகு நெஞ்சில் கை வைத்து, "மாஃபி முஸத்தஸ், அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அந்த வாரமே உனக்குப் போன் போட்டார். புது விசா, ஃபேமிலி விசாவோடு, துப்பாக்கி கிடையாது. நீ அதற்கும் மாஃபி என்றாய். "வாசலைக் காட்டின வீட்டுக்குள்ள மறுபடி செருப்பக் கழட்டிட்டு நுழைய மாட்டேன் மாப்ளே" என்று என்னிடம் சொன்னாய். வறட்டுக் கௌரவம் என்று அன்றைக்குச் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். உன் மகள் அங்கே படித்திருக்கலாம். நான் அங்கேயே இருந்தேன், அவர் சம்பளத்தில்தான் இந்த வீட்டைக் கட்டினேன், அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் நீ பயந்து ஓடினாய் என்று எவனாவது சொன்னால் விடமாட்டேன்.

இதையெல்லாம் பந்தியில் சொல்லி முடித்துவிட்டு உன் சித்தப்பா மகனைப் பார்த்தேன். "உங்கண்ணன் அன்னைக்குத் தூக்கியிருந்தா, இந்தக் கருமாதிய நீ அன்னைக்கே சாப்பிட்டிருப்ப. என் கருமாதியையும் சேத்து" என்றேன். அவன் இலையை மடித்துக்கொண்டு எழுந்து போனான். உன் மகள் வாளியோடு என் இலைக்கு வந்தாள். "மாமா, இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்றாள். தலை நிமிர்ந்திருந்தது. சர்க்கரை வியாதிக்காரன் நான் இரண்டு கரண்டி பாயசம் வாங்கிக் குடித்தேன்.

அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போது இன்னொன்று நடந்தது, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? தேர்தல் நேரம், பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸை மறித்துச் சோதனை போட்டார்கள். ஒரு போலீஸ்காரர் மடியிலிருந்த என் துணிப்பையை வெளியிலிருந்து தடவிப் பார்த்தார். எண்ணெய்க் குப்பியின் நீண்ட மூக்கு அவர் கையில் தட்டுப்பட்டது. அவர் முகம் மாறியது.

"பெருசு, உள்ள என்ன, துப்பாக்கியா?" என்றார்.

நான் எழுந்து நின்றேன் மச்சான். இரண்டு கையையும் தூக்கினேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"மாஃபி முஸத்தஸ்."

ஒருவருக்கும் புரியவில்லை. உனக்குப் புரிந்திருக்கும்.